கரகரப்பியல்: வால்யூம் கண்ட்ரோல் துப்புரவு குறித்த ஓர் ஆய்வு

கரகரப்பு என்பது, ஒலிக்கருவியின் வால்யூம் குமிழைத் திருகும்போது பிறந்து, திருகுவதை நிறுத்தியதும் அடங்கும் ஓசை. இந்த வரையறையில் 'திருகும்போது' என்ற சொல்லை எடுத்துவிட்டால் ஆய்வு கட்டுக்கடங்காமல் போய்விடும். குமிழில் யாரும் கை வைக்காதபோதும் ரேடியோ இரைகிறதென்றால் அதற்கு வானிலை, கிழிந்த ஸ்பீக்கர், பக்கத்து வீட்டு மிக்ஸி என்று வேறு காரணங்கள் உண்டு. பாகவதர்களின் தொண்டைக் கரகரப்பும் இந்த இயலில் சேராது. அதற்கு அதிமதுரம் இருக்கிறது.

முதலில் உடற்கூறு. குமிழைப் பிடித்து நேராக இழுத்தால் பெரும்பாலும் கையோடு வந்துவிடும். பழைய வால்வு ரேடியோக்களில் மட்டும் குமிழின் பக்கவாட்டில் ஒரு சிறு ஸ்க்ரூ ஒளிந்திருக்கும். அதைத் தளர்த்தாமல் இழுப்பவருக்கு இந்த ஆய்வு அங்கேயே முடிந்துவிடும். குமிழுக்கு உள்ளே 6 மி.மீ. தண்டு. தண்டின் மறுமுனையில் 16 அல்லது 24 மி.மீ. விட்டமுள்ள ஒரு தகர டப்பி, அதிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மூன்று கால்கள். டப்பிக்குள் லாட வடிவில் ஓர் அட்டை. அதன்மேல் பூசிய கார்பன் தடம். தண்டு திரும்பும்போது ஓர் உலோக நாக்கு அந்தத் தடத்தின்மேல் ஏறத்தாழ 300 பாகை வரை உரசிக்கொண்டே போகும். ஓரக் கால்கள் இரண்டும் தடத்தின் இரு முனைகள். நடுக்கால் நாக்குக்கு உரியது. பாட்டு ஓர் ஓரக்காலில் நுழைகிறது, மறு ஓரக்கால் தரையோடு இணைந்திருக்கிறது, நாக்கு இரண்டுக்கும் இடையில் எங்கே நிற்கிறதோ அந்த அளவு பாட்டு நடுக்கால் வழியே ஆம்ப்ளிஃபயருக்குப் போகிறது. வால்யூம் கண்ட்ரோலின் தத்துவம் இவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் பிளஸ் டூ இயற்பியல் படித்த எவரும் இதை முன்பே சந்தித்திருக்கிறார்கள், அடையாளம் தெரியாமல். ஆய்வகத்தில் மரப்பலகையின்மேல் 10 மீட்டர் கம்பியைப் பத்து வரிசையாக இழுத்துக் கட்டி வைத்திருக்கும் மின்னழுத்தமானிதான் இது. கம்பிக்குப் பதில் கார்பன், பத்து மீட்டருக்குப் பதில் சில சென்டிமீட்டர். அந்த முறையை ஜெர்மானிய இயற்பியலாளர் போகன்டார்ஃப் 1841இல் வகுத்தார். திருகினால் மாறும் மின்தடையை வீட்ஸ்டன் 1843இல் விவரித்தார். ஆய்வகத்தில் மாணவர்களுக்குத் தரப்படும் முதல் எச்சரிக்கை, கம்பியைத் தொடும் உலோக முனையான ஜாக்கியை அதன்மேல் இழுக்கக் கூடாது என்பது. தொட்டு எடுக்க வேண்டும், தொட்டு எடுக்க வேண்டும். தேய்த்தால் கம்பி கெடும். வால்யூம் கண்ட்ரோல் என்பது இந்த ஒரே விதியை மீறுவதற்காகவே செய்யப்பட்ட கருவி. அதில் தேய்ப்பதைத் தவிர வேறு செயல் கிடையாது. ஆகவே கரகரப்பு ஏன் வருகிறது என்பதைவிட, அது இத்தனை ஆண்டு ஏன் வராமல் இருந்தது என்று கேட்பதே முறையான ஆய்வுக் கேள்வி.

தடத்தின் அமைப்பிலும் ஒரு நுட்பம் உண்டு. மனிதக் காது கூட்டல் கணக்கு அறியாது. பெருக்கல் கணக்குதான் அறியும். சத்தம் இரு மடங்காகக் கேட்க வேண்டுமானால் ஸ்பீக்கருக்குப் போகும் திறன் ஏறத்தாழப் பத்து மடங்காக வேண்டும். புலன்களின் இந்தக் கஞ்சத்தனத்தை ஃபெக்னர் 1860இல் வெளியிட்ட நூலில் சூத்திரமாக்கினார். அதற்கேற்ப, குமிழைப் பாதி திருகினால் தடத்தின் பத்து அல்லது பதினைந்து சதவீதத் தடை மட்டுமே கிடைக்கும்படி கார்பனைப் பூசுகிறார்கள். இதற்கு லாக் என்று பெயர். டப்பியின்மேல் 'ஏ' என்ற எழுத்து இருக்கும். சீராக ஏறுவது லீனியர், அதற்கு 'பி'. இது ஆசியத் தயாரிப்புகளின் வழக்கம். பழைய ஐரோப்பியக் கருவிகளில் எழுத்துகளுக்குப் பொருள் வேறு என்பதால் எழுத்தை மட்டும் நம்பி வாங்கியவர்கள் ஏமாந்திருக்கிறார்கள். மலிவு விலைக் கண்ட்ரோல்களில் வளைகோடு எதுவும் இல்லை, இரண்டு நேர்கோடுகளை ஒட்டவைத்து வளைவு என்று விற்கிறார்கள். காது இதைக் கண்டுபிடிப்பதில்லை.

இனி நோய்க்கூறு. தடத்துக்கும் நாக்குக்கும் நடுவே தூசி, சமையல் புகை, உலோகத் துரு, தேய்ந்து உதிர்ந்த கார்பன் பொடி ஆகியவை சேர்கின்றன. நாக்கு அவற்றின்மேல் ஏறும் கணத்தில் தொடர்பு அறுகிறது, இறங்கும்போது மீள்கிறது. வினாடியில் பலமுறை இப்படி அறுந்து அறுந்து ஒட்டுவதை ஆம்ப்ளிஃபயர் ஒரு புதுவிதச் சங்கீதமாக எண்ணி, பாட்டுக்குத் தரும் அதே மரியாதையோடு பெருக்கி அனுப்புகிறது. குற்றம் தூசியுடையது, பரப்பும் பொறுப்பு ஆம்ப்ளிஃபயருடையது. ஸ்டீரியோ கருவிகளில் ஒரே தண்டில் இரண்டு தடங்கள் இருப்பதால் நோய் வேறு வடிவமும் கொள்ளும்: இடது காதில் பாடகர் இருப்பார், வலது காதில் இருக்கமாட்டார், குமிழை இம்மி நகர்த்தினால் அங்கும் திரும்பி வருவார்.

கரகரப்பு தடம் முழுவதும் சமமாகப் பரவுவதில்லை என்பது கவனிக்கத்தக்கது. ஒரு வீட்டில் குமிழ் 300 பாகை திரும்பினாலும் அந்தக் குடும்பம் உண்மையில் பயன்படுத்துவது முப்பது, நாற்பது பாகைதான். தேய்மானமும் கரகரப்பும் அந்தச் சிறு பகுதியில்தான் செறிந்திருக்கும். எனவே பழைய ரேடியோ ஒன்றை வாங்குபவர், குமிழை மெல்லத் திருகிக் கரகரக்கும் இடத்தைக் குறித்துக்கொண்டால், முந்தைய உரிமையாளர்களின் இல்லற வரலாற்றை ஓரளவு மீட்டெடுக்கலாம். தொடக்கத்திலேயே கரகரத்தால் அந்த வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் இருந்தார்கள், அல்லது மாடியில் வீட்டுக்காரர் இருந்தார். நடுவில் கரகரத்தால் சமையலறைக்கும் கூடத்துக்கும் தூரம் அதிகம். கடைசியில் கரகரத்தால் தாத்தாவுக்குக் காது மந்தம். இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையைச் சிற்றலையில் கேட்ட வீடுகளில் மட்டும் தேய்மானம் பரவலாக இருக்கும். அலை மங்கும்போது ஏற்றி, திடீரென்று மீண்டு அலறும்போது இறக்கி, கையை எடுக்காமல் கேட்டவர்கள் அவர்கள்.

சிகிச்சையைப் பொறுத்தவரை முன்னோர் நடுவே மூன்று சமயங்கள் நிலவின. முறைப்படி பூர்வபட்சத்தை முதலில் சொல்லி, பின்பு மறுக்க வேண்டும்.

முதலாவது தட்டும் சமயம். ரேடியோவின் தலையில் உள்ளங்கையால் ஓர் அடி. கேட்கவில்லையென்றால் பக்கவாட்டில் இரண்டாவது அடி. அறிவுலகம் இதை எள்ளி நகையாடினாலும் இயற்பியல் இதன் பக்கம் இருக்கிறது: அதிர்ச்சியில் நாக்கு மயிரிழை நகர்ந்து புதிய இடத்தில் அமர்கிறது, பாட்டு வருகிறது. குறை என்னவென்றால் நாக்கு திரும்பவும் நகரும். மேலும், அடியால் தற்செயலாகக் குணமடைந்த கருவி அதன்பின் அடி வாங்காமல் பேசுவதில்லை என்ற நம்பிக்கை வீட்டில் வேரூன்றி, அடிகளின் வேகம் ஆண்டுக்காண்டு கூடும்.

இரண்டாவது அசையாச் சமயம். குமிழை அப்படியும் இப்படியும் உருட்டி, கரகரக்காத ஒரு புள்ளியைக் கண்டுபிடித்து, அங்கே நிறுத்திவிடுவது. அதன்பின் குமிழைத் தொடுவது பாவம். குழந்தைகளுக்கு எச்சரிக்கை உண்டு. தீவிரவாதிகள் குமிழ் நகராதிருக்கத் தீக்குச்சியும் செருகுவார்கள். சத்தத்தைக் கூட்ட வேண்டுமானால் ரேடியோவின் அருகில் போவார்கள், குறைக்க வேண்டுமானால் அடுத்த அறைக்குப் போவார்கள். வால்யூம் கண்ட்ரோலின் வேலையைக் கால்கள் ஏற்கும் இம்முறை உடம்புக்கு நல்லது என்ற அளவில் ஏற்கத்தக்கது.

மூன்றாவது திருகும் சமயம்: மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் குமிழை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக இருபது, முப்பது முறை வேகமாகத் திருகுவது. மூன்றில் இதுவே சித்தாந்தத்துக்கு மிக அருகில் நிற்கிறது. நாக்கே துடைப்பமாகித் தூசியை ஓரம் தள்ளுகிறது. மெல்லிய துருப்படலமும் உரசலில் கிழிகிறது. செலவு ஒன்றுமில்லை. வாரக்கணக்கில் சும்மா கிடந்த கருவிக்கு இது மட்டுமே போதும். நாள்பட்ட நோய்க்குத்தான் திரவம் தேவைப்படுகிறது.

திரவங்களின் வரலாறு வருத்தம் தருவது. தமிழ் வீடுகளில் கைக்கு எட்டிய முதல் மருந்து தேங்காய் எண்ணெய். ஊற்றிய அன்று குமிழ் வழுக்கிக்கொண்டு போகும், கரகரப்பும் அடங்கும், வீடே வியக்கும். ஆனால் எண்ணெய் அடுத்து வரும் தூசியையெல்லாம் அழைத்து உட்கார வைக்கிறது. தவிர அது 24 டிகிரி செல்சியசை ஒட்டி உறையும் இயல்புடையது. குளியலறைப் பாட்டிலில் எண்ணெய் கட்டிக்கொள்ளும் மார்கழி விடியலில் வால்யூம் கண்ட்ரோலிலும் அது கட்டிக்கொள்ளும். திருப்பாவை ஒலிபரப்பாகும் நேரமும் அதுவேதான். தையல் மிஷின் எண்ணெய் உறையாது, தூசி விஷயத்தில் மட்டும் வேறுபாடில்லை. மண்ணெண்ணெய் அழுக்கைக் கரைக்கும். கரைத்தபின் தானும் ஒரு படலமாகத் தங்கிவிடும், வாசனை பல நாள் செய்திகளோடு சேர்ந்து வரும். 2020க்குப் பிறகு கைக்கிருமிநாசினியை ஊற்றிப் பார்க்கும் புதிய மரபொன்று தோன்றியுள்ளது. உலக சுகாதார நிறுவனத்தின் கலவைக் குறிப்பிலேயே எத்தனாலோடு 1.45 சதவீதம் கிளிசரின் இருக்கிறது. கிளிசரின் கையை வறளாமல் காப்பதற்கு. கார்பன் தடத்துக்கு அந்தக் கவலை இல்லை. கிளிசரின் ஆவியாகாமல் தங்கி, காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

பழைய ரேடியோ ரிப்பேர் கடைகளில் கார்பன் டெட்ராகுளோரைடு புழங்கியது. அற்புதமாகத் துடைக்கும், தீப்பற்றாது, சுவடே இல்லாமல் ஆவியாகும். மூன்று குணங்களுக்கும் சேர்த்து ஈரலையும் கெடுக்கும், ஓசோன் படலத்தையும் அரிக்கும். மான்ட்ரியல் உடன்பாட்டின் கீழ் வளரும் நாடுகள் 2010க்குள் அதைக் கைவிட்டன. அடுத்து டபிள்யூ.டி.-40. கீல், பூட்டு, சைக்கிள் செயின் என்று எங்கும் அடிக்கப்படும் இந்த நீலப் புட்டிக்கு இங்கே தனி எச்சரிக்கை தேவை. 1953இல் சான் டியாகோவில், நீரை விரட்டும் கலவைக்கான நாற்பதாவது முயற்சியாகப் பிறந்தது அது. அட்லஸ் ஏவுகணையின் வெளித்தகட்டைத் துருவிலிருந்து காத்தது. ஏவுகணைக்கு வால்யூம் கண்ட்ரோல் இல்லை. டபிள்யூ.டி.-40இல் உள்ள லேசான எண்ணெய் தடத்தில் தங்கித் தூசியைப் பிடிக்கும். அதே பெயரில் மின்தொடர்புகளுக்கென்றே தனிப் புட்டி ஒன்று விற்கப்படுகிறது. அது வேறு சரக்கு, பயன்படுத்தலாம்.

முறையான மருந்து, கடைகளில் கான்டாக்ட் க்ளீனர் என்று கேட்டால் கிடைக்கும் ஸ்ப்ரே. அதிலும் எச்சமே விடாமல் ஆவியாகும் வகை, மெல்லிய உயவுப் படலம் விடும் வகை என்று இரண்டு. வால்யூம் கண்ட்ரோலுக்கு இரண்டாவது வகைதான் நல்லது. முற்றிலும் வறண்ட தடத்தில் நாக்கு உரசினால் கார்பன் விரைவில் தேயும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் அழுக்கைப் போக்கும், உயவு தராது, அவசரத்துக்கு ஆகும். சென்னை ரிச்சி தெருவில் ஒரு சாதாரணக் கண்ட்ரோல் இருபது, முப்பது ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதைத் துடைக்கும் ஸ்ப்ரே புட்டி சில நூறு ரூபாய். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பதை ஆய்வாளர்கள் மறுக்கவில்லை. ஆனால் ஒரு புட்டி ஒரு தெருவுக்கே போதும்.

செய்முறையில் முதல் விதி, பிளக்கைப் பிடுங்குவது. சுவிட்சை அணைப்பது போதாது. 'டக்' என்ற ஒலியோடு உயிர்பெறும் பழைய ரேடியோக்களில் ஆன்-ஆஃப் சுவிட்ச், வால்யூம் கண்ட்ரோலின் முதுகிலேயே இருக்கும். மின்சாரத்தில் ஓடும் ரேடியோ என்றால் அந்தப் பின்கால்களில் 230 வோல்ட் நிற்கும். வால்வு கருவிகளில் பிளக்கைப் பிடுங்கிய பின்னும் பெரிய கெபாசிட்டர்களில் நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். அதை இறக்கத் தெரியாதவர் மூடியைத் திறக்காமலிருப்பது நல்லது. ஸ்ப்ரேக்களில் பல தீப்பற்றக்கூடியவை என்பதால், ஓடும் கருவியில் அடித்து 'இப்போது சரியாகிறதா' என்று கேட்டுப்பார்ப்பது ஆராய்ச்சி ஆகாது.

இரண்டாவது விதி, வழி அறிதல். மூன்று கால்களும் டப்பிக்குள் நுழையும் இடத்துக்குச் சற்று மேலே ஒரு சிறு சந்து தெரியும். ஸ்ப்ரேயோடு வரும் மெல்லிய சிவப்புக் குழலை அதில் நுழைத்து அரை வினாடி அழுத்தினால் போதும். குமிழ்ப் பக்கத்திலிருந்து தண்டின் வழியே அடிப்பது கூடாது. தண்டில் கெட்டியான கிரீஸ் தடவியிருக்கும். விலையுயர்ந்த ஆம்ப்ளிஃபயரின் குமிழ் கனமாக, இழைந்து திரும்புவதற்கு அந்தக் கிரீஸே காரணம். தண்டுவழி அடித்தால் அது கரைந்து தடத்தின்மேல் இறங்கும். குமிழ் இழைவையும் இழக்கும், கரகரப்பும் பெருகும். அடித்த உடனே கோடிக்குக் கோடி முப்பது முறை திருக வேண்டும். துடைப்பது உண்மையில் இந்தத் திருகல்தான். திரவம் அழுக்கை இளக்கிக் கொடுப்பதோடு சரி. பின்பு முழுக்க உலரும்வரை காத்திருந்து மின்சாரம் கொடுக்க வேண்டும். காத்திருப்பதே இந்தச் செய்முறையில் கடினமான பகுதி என்பது பொதுக்கருத்து.

மைக் செட்காரர்களின் மிக்ஸர்களில் குமிழுக்குப் பதில் மேலும் கீழும் நகரும் ஃபேடர்கள் உண்டு. இவற்றின் நீளச் சந்து வானத்தைப் பார்த்துத் திறந்து கிடக்கிறது. ஆடி மாதத்து அம்மன் கோயில் பந்தலில் சாம்பிராணிப் புகையும் விபூதியும் நேரே உள்ளே போகின்றன. ஒரு திருவிழாவுக்கு ஃபேடர் ஏற்பது ஒரு வீட்டு ரேடியோ பல ஆண்டில் ஏற்காத தூசி. அதன்பின் அது கரகரப்பது குழாய் ஒலிபெருக்கி வழியே ஊர் எல்லைவரை கேட்கும். இங்கே முதலில் மென்மையான பிரஷ்ஷால் தூசியை வெளியே எடுத்துவிட்டு, அதன்பிறகே திரவம். நேரடியாக அடித்தால் விபூதி குழைந்து உள்ளேயே பூசிக்கொள்ளும்.

எவ்வளவு துடைத்தும் போகாத கரகரப்பு தனி வகை. இதைப் போலிக் கரகரப்பு என்று பிரித்தறிய வேண்டும். அழுக்கின்மேல் பழி போட்டு அப்பாவித் தடங்களை ஓயாமல் குளிப்பாட்டுவது இத்துறையின் பெரும்பிழை. முந்தைய சுற்றிலிருந்து பாட்டை மட்டும் விட்டு நேர்மின்சாரத்தைத் தடுக்க வேண்டிய கெபாசிட்டர் கசிந்தால், தடத்தின்மேல் நேர்மின்னழுத்தம் வந்து உட்காரும். அப்போது தடம் பளிங்காக இருந்தாலும் நாக்கு நகரும்போதெல்லாம் சத்தம் வரும். அடையாளம்: கரகரப்பு குடும்ப வரலாற்றை மதிக்காமல் தொடக்கம் முதல் கோடிவரை ஒரே சீராக இருக்கும், துடைத்த மறுநாளே திரும்பிவிடும். கருவி ஓடும்போது மல்டிமீட்டரை நேர்மின் அளவையில் வைத்து ஓரக் கால்களுக்கு நடுவே அளந்தால், பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டிய முள் எழுந்து நிற்கும். கெபாசிட்டரை மாற்றினால் சரியாகும். கருவியைத் திறந்து ஓடவிட்டு அளப்பது பழக்கமில்லாதவர் வேலையன்று. (சில கருவிகளில் தடத்தில் நேர்மின்னழுத்தம் இருப்பதே வடிவமைப்பு, அவை பிறவியிலேயே கரகரப்பவை.) குமிழைத் திருகாமல் லேசாக அழுத்தினாலே சத்தம் வந்தால் கால்களில் வைத்த ஈயம் விரிசல் விட்டிருக்கும்; சோல்டரிங் அயர்னைக் காட்டி மறுபடி பற்றவைத்தால் போதும்.

மருந்துக்கு அடங்காத இடத்தில் அறுவை. டப்பியைக் கவ்விப் பிடித்திருக்கும் நான்கு தகரக் காதுகளைச் சிறு ஸ்க்ரூ டிரைவரால் நிமிர்த்தினால் மூடி கழன்று வரும். கருப்புத் தடத்தின்மேல் நாக்கு ஓடிய பாதை மட்டும் பளபளவென்று கீறலாகத் தெரியும். பஞ்சுக் குச்சியில் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, நாக்கின் நுனியையும் துடைத்து, பின்பு அந்த நாக்கைக் குறட்டால் மயிரிழை பக்கவாட்டில் வளைத்துவிடுவது தேர்ந்த மெக்கானிக்கின் கைவேலை. நாக்கு இனிமேல் பழைய பள்ளத்தில் ஓடாது, பக்கத்திலுள்ள கன்னித் தடத்தில் ஓடும். கண்ட்ரோலுக்கு இரண்டாம் ஆயுள். கார்பன் அறவே தேய்ந்த இடத்தில் 2பி பென்சிலால் தீட்டுவதும் உண்டு. கிராஃபைட் மின்சாரம் கடத்தும் என்பதால் வேலை செய்யும், சில வாரங்களுக்கு. காதுகளை மடக்கி நிமிர்த்துவது இரண்டு மூன்று முறைக்குமேல் தாங்காது, ஒடிந்துவிடும்.

ஒடிந்தபின் மாற்றுவதுதான் வழி. கடைக்குப் பழையதையே சாம்பிளாக எடுத்துப்போக வேண்டும். வால்வு ரேடியோவென்றால் 500கே அல்லது 1 மெக், ஆம்ப்ளிஃபயரென்றால் 50கே அல்லது 100கே என்று தடைமதிப்பை மட்டும் சொல்லி வாங்கிவந்தால் தண்டு குட்டையாக இருக்கும், அல்லது பள்ளங்களின் எண்ணிக்கை பொருந்தாமல் பழைய குமிழ் ஏறாது, அல்லது சுவிட்ச் இருக்காது. 'ஏ' இல்லையென்று கடைக்காரர் 'பி'யைத் தந்தால் வாங்காமல் வருவது நலம். குமிழைச் சற்றுத் திருகியதுமே பாட்டு வேகமாக ஏறிவிடும். மிச்சப் பகுதியில் மெல்லத்தான் ஏறும்.

அண்மைக்காலக் கார் ஸ்டீரியோக்களில் தடமும் கார்பனும் இல்லை. முடிவின்றிச் சுற்றும் குமிழ், ஒவ்வொரு சொடுக்குக்கும் இரு தொடர்புகளை முன்பின்னாகத் திறந்து மூடுகிறது. எது முந்தியது என்பதைப் பார்த்துச் சத்தத்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று உள்ளேயுள்ள சில்லு தீர்மானிக்கிறது. இந்த என்கோடர்கள் கரகரப்பதில்லை. அழுக்கேறினால் சில சொடுக்குகளை விழுங்கும், அல்லது கூட்டத் திருகினால் குறைக்கும். மருந்து அதே ஸ்ப்ரே, அதே முப்பது திருகல். ஆனால் இவற்றில் பலவற்றுக்குக் கால்களின் மேலே சந்து கிடையாது. குமிழைக் கழற்றி, தண்டின் அடியில் ஒரே ஒரு சொட்டு விடுவதுதான் வழி. தண்டுவழி ஆகாது என்ற விதிக்கு இது புறனடை.